அக்கா என்று கூப்பிடு!

('கல்லூரி விடுதிக்கு வரும் புதுமுகங்களைப் பக்குவப்படுத்துவது கேலியே! கனிவே!' என்ற பட்டிமன்றத்தில் 'கனிவே' அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! நான் எழுந்ததுமே குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்துவிட்ட எதிரணி நண்பர்களே! பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உட்கார இடம் இருந்தும் கடைசியிலே நின்றுகொண்டே கேட்கிற காலேஜ் பிள்ளைகளே!

நான் பிறந்தது செந்துறைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர். இந்த இரண்டு ஊரும் அக்காள் தங்கச்சி மாதிரி. 1995-லே திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001-லே, அக்காகூட ஒத்துவராது என்று அரியலூர் தனிக்குடித்தனம் போனது. அடுத்த வருஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தது. 2007-லே மறுபடி தனிக்குடித்தனம். அதுதான் இன்றுவரை நிலைத்தது. (சிரிப்பு) போனபோதும் சரி, வந்தபோதும் சரி, அக்கா தங்கச்சியைப் பார்த்து, 'ஒற்றைக் காலிலே நில்லு, சல்யூட் அடி, சினிமாப் பாட்டுப் பாடு' என்று சொல்லவில்லை. அதனாலே இந்த வழக்கைப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? 'வெங்காயத்தை உரிச்சாத்தான் சமையலுக்கு ஆகும். புதுசா வர்ற பிள்ளையையும் கொஞ்சம் உரிச்சாத்தான் உலகத்துக்கு ஆகும்' என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, வெங்காயத்தைப் பற்றிப் பேச நீங்கள் தேர்ந்தெடுத்த ஊர் சரியில்லை. செட்டிகுளத்திலும் ஆலத்தூரிலும் சின்ன வெங்காயம் போட்டு, பட்டறை கட்டி வைக்கிற அம்மாக்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். வெங்காயத்தை உரித்தால் யார் கண்ணிலே தண்ணீர் வரும்? உரிக்கிறவர் கண்ணிலே! உங்கள் விடுதியிலேதான் உரிபடுகிறவள் அழுகிறாள், உரிக்கிறவள் சிரிக்கிறாள்! (பலத்த கைதட்டல்)

இன்னொன்றும் அந்த அம்மாக்கள் சொல்வார்கள். விதை வெங்காயத்தைப் பட்டறையிலே எப்படி வைப்பார்கள்? காற்றுப் போக வைப்பார்கள். மூட்டையிலே அமுக்கி ஒரு மூலையிலே போட்டால் என்ன ஆகும்? அழுகும். ஒன்று அழுகினால் பக்கத்திலே இருப்பதும் அழுகும். அதை மனதிலே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

நடுவர் அவர்களே, தமிழிலே 'விருந்து' என்றால் இன்றைக்கு நமக்குச் சாப்பாடு. இலையிலே எத்தனை கூட்டு, எத்தனை பொரியல் என்கிற கணக்கு. ஆனால் அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளிலே, புதிதாகப் புனைவதற்கு 'விருந்து' என்றுதான் தொல்காப்பியர் பெயர் வைத்தார். புதிதாக வந்தவர்தான் விருந்து. பழகிய சொந்தக்காரர் வந்தால் அது வெறும் வருகை. முன்பின் தெரியாதவர், இந்த ஊரிலே தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர் வந்து நிற்கிறாரே, அவருக்குச் செய்வதுதான் விருந்தோம்பல். அப்படிப் பார்த்தால் ஜூன் மாசத்திலே தகரப் பெட்டியோடும் பக்கெட்டோடும் விடுதி வாசலிலே நிற்கிற பதினேழு வயதுப் பெண்ணைவிடப் பெரிய விருந்து யார் இருக்கிறார்கள்?

உடனே ஒரு சமாதானம் வரும். 'அதெல்லாம் ஆம்பளப் பசங்க பண்றதுங்க. பொம்பளப் புள்ளைங்க அப்படியெல்லாம் பண்ணாது.' நான் பல வருஷம் பெண்கள் விடுதியிலே வார்டனாக இருந்தவள் சொல்கிறேன்: பண்ணும். சத்தம் கேட்காது, அவ்வளவுதான். கை ஓங்காது, வாய் வேலை செய்யும். ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டி எழுப்பி ஐந்து பேருடைய துணியைத் துவைக்கச் சொல்லும். 'இரட்டைப் பின்னல் போட்டுக்கிட்டுத்தான் வரணும், தலை நிமிரக் கூடாது, எங்களை அக்கான்னு கூப்பிடு' என்று சட்டம் போடும். நிறத்தைச் சொல்லும், ஊரைச் சொல்லும், அப்பா என்ன தொழில் என்று கேட்டுவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கும். சாதி தெரிந்துவிட்டால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். காயம் உடம்பிலே இருக்காது. அதனாலே டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கிடையாது.

பெண்கள் விடுதி பத்திரமானது என்கிறவர்களுக்காக ஒரு செய்தி. இலங்கையிலே பேராதனைப் பல்கலைக்கழகம். 1975-ஆம் வருஷம். இராமநாதன் பெயர் தாங்கிய விடுதி. அங்கே ஒரு மாணவி, சீனியர்களுடைய கொடுமை தாங்காமல் மாடியிலிருந்து குதித்துவிட்டார். உயிர் போகவில்லை. முதுகெலும்பு முறிந்தது. நடமாட்டம் போனது. 2002-லேதான் இறந்தார். இருபத்தேழு வருஷம், நடுவர் அவர்களே! 'கொஞ்ச நாள் விளையாட்டுத்தானே' என்று இங்கே ஒரு தம்பி சொன்னாரே, அந்தக் கொஞ்ச நாளுக்கு அந்தப் பெண் கொடுத்த விலை இருபத்தேழு வருஷம். அதே பல்கலைக்கழகத்திலே 1997-லே வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர். பொறியியல் படிக்க வந்தவர். ஓயாமல் உடற்பயிற்சி செய்யச் சொல்லிச் சீனியர்கள் வதைத்ததிலே சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதற்கு அடுத்த வருஷம் அந்த நாட்டிலே ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது.

நமக்கும் அப்படித்தான் வந்தது. அரியலூரிலே பஸ் ஏறி, ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோவில் தாண்டினால் சிதம்பரம். அங்கே மருத்துவம் படிக்கப் போனார் பொன். நாவரசு. முதலாண்டு. 1996 நவம்பர். சீனியர் ஒருவரின் கையாலே கொலையுண்டார். எப்படி என்பதை இந்த மேடையிலே நான் சொல்ல மாட்டேன். குழந்தைகள் இருக்கிறார்கள். அவருடைய அப்பா அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். யோசித்துப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தையே கையிலே வைத்திருந்தவருக்கே தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை என்றால், மானாவாரியிலே பருத்தி போட்டுப் பிள்ளையை அனுப்புகிற நம்முடைய அப்பாக்கள் எம்மாத்திரம்? கடலூர் நீதிமன்றம் 1998-லே தண்டித்தது, 2001-லே உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011-லே உச்ச நீதிமன்றம் மறுபடி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பதினைந்து வருஷ வழக்கு.

அந்தச் சாவுக்குப் பிறகு 1997-லே தமிழ்நாட்டிலே ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். அதிலே எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காமல் மூடி மறைக்கிற கல்லூரித் தலைவரும் அந்தக் குற்றத்துக்கு உடந்தை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. (கைதட்டல்) சட்டம் இங்கே இருந்தும் 2009-லே இமாச்சலப் பிரதேசத்திலே அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் சீனியர்கள் அடித்த அடியிலே போனார். அதே வருஷம்தான் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதி போட்டது. 1800-180-5522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும், காசில்லாமல், பேர் சொல்லாமலும் பேசலாம். அம்மாக்கள் முந்தானையிலே முடிந்துவைத்துக்கொள்ளுங்கள் அந்த நம்பரை.

பணக்கார நாடு மட்டும் என்ன வாழ்ந்தது? அமெரிக்காவிலே கல்லூரிப் பெண்கள் சேர்ந்து வாழும் சங்கங்கள் இருக்கின்றன. கிரேக்க எழுத்திலே பேர் வைத்திருப்பார்கள். உள்ளே சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் 'சகோதரி' என்றே அழைக்கவேண்டும். சகோதரி ஆவதற்குமுன் என்ன பாடுபடுத்துகிறார்கள் என்பது அங்கேயும் தீராத வழக்கு. கல்லூரிகள் இப்படிப்பட்ட கொடுமைகளைக் கணக்கெடுத்து வெளியிடவேண்டும் என்று அந்த நாடு முழுமைக்குமான சட்டம் 2024 டிசம்பரிலேதான் கையெழுத்தானது. அங்கே சகோதரி, இங்கே அக்கா. சொல் நல்ல சொல்தான்.

இவ்வளவு நேரம் மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். இனி என் கதைக்கு வருகிறேன். எதிரணி நண்பர்கள் இதைத் தாராளமாகக் குறித்துக்கொள்ளலாம்.

1987-லே நான் ஒரு வெளியூர்க் கல்லூரியிலே பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். பேர் வேண்டாம். முதல் வாரம் என்னை ஒரு ஸ்டூல் மேலே ஏற்றி, எங்கள் ஊர்ப் பேச்சிலே பேசச் சொன்னார்கள். பேசினேன். சிரித்தார்கள். ராத்திரி போர்வைக்குள்ளே அழுதேன். நான் பின்னாளிலே டாக்டர் பட்டம் வாங்கியது தாலாட்டுப் பாட்டிலே. தாலாட்டிலே குழந்தை அழுதால், யார் அடித்தது என்று சொந்தபந்தம் அத்தனையையும் வரிசையாக நிறுத்தி விசாரிப்பாள் தாய். அந்த விடுதியிலே என்னை யாரும் விசாரிக்கவில்லை.

சரி, அழுதேனே, பக்குவப்பட்டேனா? எதிரணி சொல்கிறபடி பார்த்தால் மறுவருஷம் நான் மற்றவர்களுக்கு இரங்கியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜூன் மாசம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. செட்டிகுளத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெண். அவர்கள் ஊரிலே காலேஜுக்கு வந்த முதல் பெண். வெங்காய வெள்ளாமை. இரண்டாவது வாரம் அவளுக்கு வீட்டிலிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர் வந்தது. நான்தான் பிடுங்கினேன். நாற்பது பிள்ளைகள் நடுவிலே அதை உரக்கப் படித்தேன். அவளுடைய அப்பா மூன்றாவதோ நான்காவதோ படித்தவர். 'நன்றாகப் படி' என்று எழுத வந்தவர் மூன்று சுழி போட்டு எழுதியிருந்தார். நான் தமிழ் மாணவி இல்லையா? சிவப்பு மைப் பேனா எடுத்து, அந்தக் கடிதம் முழுக்கப் பிழைக்குப் பிழை வட்டம் போட்டு, கீழே நூற்றுக்கு ஐந்து மார்க் போட்டு, 'இந்தா, உங்கப்பாவை மறுபடி எழுதிட்டு வரச் சொல்லு. அக்கான்னு சொல்லி வாங்கிக்கோ' என்றேன்.

'அக்கா' என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அன்றைக்கு விடுதியிலே ராணி.

சனிக்கிழமை ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அவள் கட்டிலிலே வேறு ஒருத்தி வந்தாள். நான் நன்றாகத் தூங்கினேன், நடுவர் அவர்களே. அதைத்தான் இன்றைக்கு என்னாலே மன்னிக்க முடியவில்லை. பட்டறையிலே ஒன்று அழுகினால் பக்கத்திலே இருப்பதும் அழுகும் என்றேனே, அது நான்தான்.

இருபத்துநாலு வருஷம் கழித்து, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். உங்களுக்குத் தெரியும், திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறப்பு. ஒரு வெள்ளிக்கிழமை. மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த கூட்டத்திலே ஒரு அம்மா எழுந்து வந்து, 'அக்கா, நீங்களா? நல்லாருக்கீங்களாக்கா?' என்றாள்.

அந்த 'அக்கா'விலே நான் அடையாளம் கண்டேன். கால் நிலைகொள்ளவில்லை. அவளோ பக்கத்திலே நின்ற பெண்ணைக் காட்டி, 'எம்பொண்ணுக்கா. ப்ளஸ் டூ. நல்லாப் படிக்கிது. வெளியூரு காலேஜுல, ஆஸ்டல்ல சேக்கச் சொல்லி டீச்சரு சொன்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன். கிட்டத்துல எதாச்சும் பாத்து, பஸ்ஸுல போயிட்டு வரட்டும்' என்றாள். அப்புறம் மெதுவாக, 'எங்கப்பா கடைசி வரைக்கும் கேட்டாரு, ஏன்டி வந்துட்டேன்னு. நான் சொல்லலக்கா. அந்தக் கடுதாசியக் காட்டல' என்றாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'என்னை மன்னிச்சிரும்மா' என்றேன். 'அதெல்லாம் அந்த வயசுக்கா' என்று சொல்லிவிட்டு மாவு இடிக்கப் போய்விட்டாள். நான் ஒரு சாயங்காலம் ஆடிய ஆட்டத்திலே அவள் படிப்புப் போனதோடு முடியவில்லை. அவள் பெண் எந்தக் கல்லூரியிலே படிக்கலாம் என்பதையும் நான்தான் முடிவு செய்திருக்கிறேன்.

அந்தக் கோயிலிலே ஒரு கதை சொல்வார்கள். முதலிலே அங்கே இருந்தவள் செல்லியம்மன். மதுரகாளி புதிதாக வந்து, தங்க இடம் கேட்டாளாம். செல்லியம்மன் இடம் கொடுத்தாள். அவளை அடக்கி வைத்திருந்த மந்திரவாதியை வந்தவள் அழித்தாள். செல்லியம்மன், 'இந்த ஊரை நீயே வைத்துக்கொள்' என்று சொல்லிவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாளாம். இன்றைக்கும் தீபாராதனையை முதலிலே மலை இருக்கும் திசைக்குக் காட்டுவார்கள் என்பார்கள். மரியாதை கேட்டு வாங்கிய மூத்தவள் இல்லை அவள். சிறு பிள்ளையிலிருந்து கேட்ட கதை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்தேன். அதுவரை நான் எப்படிப்பட்ட வார்டன் தெரியுமா? நோட்டீஸ் ஒட்டுகிற வார்டன். 'ராகிங் குற்றம்' என்று சிவப்பு எழுத்திலே எழுதி ஒட்டுவேன். அதன் கீழே நின்றே நடக்கும். நோட்டீஸ் வேண்டும், சட்டம் வேண்டும், முதலாண்டுப் பிள்ளைகளைத் தனிக் கட்டடத்திலே வைக்கவேண்டும், பெற்றோரும் பிள்ளையும் உறுதிமொழி எழுதித் தரவேண்டும். எல்லாம் விதியிலே இருக்கிறது, செய்தோம். ஆனால் இரண்டாமாண்டுப் பெண்ணுக்குக் 'கூடாது' என்று மட்டும் சொன்னால் போதாது. அவள் கையிலே ஒரு வேலை கொடுக்கவேண்டும்.

என்ன வேலை? பெட்டி தூக்குவது! ஆமாம். புதுப் பெண் வாசலிலே இறங்கினால், பெட்டியின் ஒரு காதை அவள் அப்பா பிடிப்பார், இன்னொரு காதைச் சீனியர் பிடிக்கவேண்டும். குளியலறை எங்கே, எந்தக் குழாயிலே காலையிலே தண்ணீர் வரும், வயிற்று வலி வந்தால் ராத்திரி யாரை எழுப்பலாம், நாப்கின் எங்கே கிடைக்கும் என்று அம்மாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அவள் சொல்லவேண்டும். முதல் பத்து நாள் சாப்பாட்டிலே பக்கத்திலே உட்காரவேண்டும். பந்தியிலே புதியவர்களுக்கு முதலிடம்.

பாட்டும் கூத்தும் வேண்டாமா என்று எதிரணி அம்மா கேட்டார்கள். வேண்டும்! வரவேற்பு விழாவை முதல் இரண்டு வாரத்துக்குள், ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தச் சொல்லி அந்த விதியே சொல்கிறது. நாங்கள் அதிலே ஒரே ஒரு மாற்றம் செய்தோம். மேடையிலே ஆடுகிறவர்கள் சீனியர்கள், நாற்காலியிலே உட்கார்ந்து சிரிக்கிறவர்கள் புதியவர்கள். எங்கள் மூன்றாமாண்டுக்காரிகள் ஆடின ஆட்டத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள், பயம் தானாகப் போய்விடும்! (சிரிப்பு)

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் மறுபடி நடந்தது. மொட்டை மாடியிலே, வெயிலிலே, ஒரு பெண்ணை ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். நடத்தியவளும் ஏழைப் பெண்தான். அவளுடைய அம்மா என் காலிலே விழுந்து, 'எம்பொண்ணு வாழ்க்க போயிரும்மா, கேஸுன்னு எழுதாதீங்க' என்று அழுதார். எனக்கும் கை நடுங்கியது. அவள் இடத்திலே 1988-லே நான் இருந்தேன். என்மேல் யாரும் எழுதவில்லை. அதனாலேதானே ஒருத்தி படிப்பை விட்டாள்? எழுதிக் கொடுத்தேன். நடவடிக்கை எடுத்தார்கள். அந்த அம்மா இன்றுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது அவருடைய உரிமை.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா.

ஒவ்வொரு வருஷமும் முதல் வாரத்திலே, ஒவ்வொரு சீனியரும் தன் பொறுப்பிலே இருக்கிற புதுப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதவேண்டும். எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். 'உங்கள் மகள் நேற்று இரண்டு தோசை சாப்பிட்டாள், சாயங்காலம் கொஞ்சம் அழுதாள், ராத்திரி தூங்கிவிட்டாள், நான் பக்கத்து அறையிலேதான் இருக்கிறேன்' என்று எழுதுவார்கள். ஒரு அப்பா அதைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார்.

அந்தக் கார்டுகளை நான்தான் தபாலிலே போடுவேன். போடுமுன் படிப்பேன். அறிவியல் பிள்ளைகள் எழுதுகிற தமிழ். இரண்டு சுழி வரவேண்டிய இடத்திலே மூன்று சுழி இருக்கும். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்த கை, அரிக்கத்தான் செய்யும். சிவப்புப் பேனாவை மேசை டிராயரிலேயே வைத்துவிட்டு, அப்படியே கொண்டுபோய்ப் பெட்டியிலே போட்டுவிடுவேன்.